சிவப்புத் தரை, ஊதா மரம்: இதற்குப் பேர் வசந்தமா?

பிப்ரவரி 3, மாலை. வாசகர் கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

பல் பிடுங்கப் போன கிளினிக்கில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். மரமெல்லாம் ஊதா. தரை செங்கல் சிவப்பு. வானம் பச்சை. கிளைகளில் வெள்ளையும் ரோசும் அள்ளி அப்பியிருக்கிறது. என்ன இது என்று கேட்டால், வசந்த காலத்தில் மரங்கள் பூப்பது என்கிறார் நர்ஸ். எந்த ஊரில் ஐயா மரம் ஊதாவாக இருக்கிறது? என் பேத்தி இதைவிட ஒழுங்காக வரைவாள். ஓவியம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு

அந்தப் படத்தை எனக்குத் தெரியும். அந்தக் கிளினிக்கின் பெயர்ப்பலகையை எழுதியவன் நான்தான், ஃபிளெக்ஸ் பேனர் வந்து எங்கள் தொழிலைக் கவிழ்ப்பதற்கு முன்னால். படம், மருந்துக் கம்பெனிக்காரர் யாரோ கொடுத்த ஜெர்மன் காலண்டரின் ஏப்ரல் பக்கம். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அடியை வெட்டினார்கள், ஓவியர் பெயர் அந்தத் துண்டோடு குப்பைக்குப் போனது. அதனால் வரைந்தது யார் என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். இந்த வகை ஓவியத்தைப் பற்றிப் பேசலாம்.

எக்ஸ்பிரஷனிசம் என்பார்கள். 1905 ஜூன் 7 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள் (கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப், பிளைல்) சேர்ந்து 'பாலம்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். மரம் கண்ணுக்கு என்ன நிறத்தில் தெரிகிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நிற்கிறவனுக்கு உள்ளே என்ன நடக்கிறதோ அதற்குத் தோதான நிறத்தை எடுத்தார்கள். மகிழ்ச்சியோ பயமோ அவசரமோ, எதுவானாலும் சரி. இலை பச்சையாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டார்கள், அவ்வளவுதான்.

பேத்தி விஷயம்: தாராளமாக வரையட்டும். 1912-இல் மியூனிக்கில் இன்னொரு கூட்டம் 'நீலக் குதிரைவீரன்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது, காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் சேர்ந்து தொகுத்தது. அதில் பெரிய ஓவியர்களின் படங்களோடு குழந்தைகள் வரைந்ததையும் சேர்த்து அச்சடித்தார்கள். நீங்கள் திட்டுவதாக நினைத்துச் சொன்னதை அவர்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 4, காலை

ஒன்று விட்டுப்போனது. எந்த ஊரில் மரம் ஊதா என்று கேட்டீர்கள். இந்த ஊரில்தான். ராத்திரி மழை பெய்து ஓய்ந்த விடியற்காலையில், சூரியன் மேலே ஏறுவதற்குள், பால்மரக் (ரப்பர் மரக்) காட்டுக்குள் போய் நில்லுங்கள். நனைந்த பட்டை சாம்பலாக இருக்காது. ஒரு பக்கம் கருநீலம், நெற்றி விளக்கின் வெளிச்சம் படுகிற பக்கம் நல்ல கத்திரிப்பூ நிறம். பால் வடியப் பட்டையில் வெட்டிய கோட்டில், நேற்று வடிந்து உறைந்த ஒட்டுப்பால் வெளேரென்று தெரியும். சின்ன வயதில் அம்மாவோடு பால்வெட்டு நிரைக்குப் போய் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைத்துக் கொடுத்தவன் நான், ஊதா மரம் என்றால் எனக்கு ஆச்சரியம் வராது. பகல் பன்னிரண்டு மணிக்குக் காரில் போகும்போது பார்த்துவிட்டு மரம் சாம்பல் நிறம் என்பவர்களோடு நான் சண்டைக்கு வருவதில்லை, அவர்கள் பார்த்த மரம் வேறு.

பிப்ரவரி 5

பந்திங் நண்பர் எழுதியிருக்கிறார்: "நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். வெயில், மழை, மறுபடி வெயில். நமக்கு வசந்தமே கிடையாது. இல்லாத ஒன்றின் படத்தை எதற்கு மாட்ட வேண்டும்?"

பந்திங் பக்கம் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை (பாமாயில் மரம்)தான், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. செம்பனை வருடம் முழுக்க ஒரே பச்சை. தீபாவளிக்கும் அதே பச்சை, தைப்பூசத்துக்கும் அதே பச்சை. ஆனால் பால்மரம் அப்படி இல்லை. வருட ஆரம்பத்தில் மழை குறைந்து வெயில் காய ஆரம்பித்ததும் இலை பழுக்கும், மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, மொத்தமாகக் கொட்டும். காடு மொட்டையாக நிற்கும், உள்ளே நடந்தால் சருகுச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. சில வாரத்தில் துளிர் வரும், அதுவும் பச்சையாக வராது, செம்பு நிறத்தில் சோர்ந்து தொங்கிக்கொண்டு வரும். அதோடு பூ. கொத்துக் கொத்தாக, இதழே இல்லாத குட்டிப் பூ, வெளிர் மஞ்சள், கிட்டே போனால் வாசம்.

உதிர்வது, துளிர்ப்பது, பூப்பது எல்லாம் வருடா வருடம் நம் கண்ணெதிரில் நடந்திருக்கிறது. காலண்டரில் அதற்கு ஒரு கட்டம் போடவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடுமா?

பிப்ரவரி 5, இரவு

கூலிம் அண்ணன் சொல்வது சரி, கெடாவில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். அங்கே வறட்சி நம் பேராக் பக்கத்தைவிடக் கறாராக வரும், அதனால் மரங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இலை கொட்டும். இங்கே ஒரு பக்கம் கொட்டும்போதே இன்னொரு பக்கம் துளிர்த்துவிடும்.

அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், அதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். தோட்டத்தில் ஒரு பிளாக் முழுக்க ஒரே ரகம் நடுவார்கள், ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால் அந்தப் பிளாக் முழுக்க அதுதான். எல்லாம் ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள். ஆகவே அந்தப் பிளாக் முழுவதும் ஒன்றாகச் சிவக்கும், பக்கத்துப் பிளாக் வேறு ரகம், அது இன்னும் பச்சையாக நிற்கும், அதற்கடுத்தது மொட்டை. மேட்டிலிருந்து பார்த்தால் சிவப்பு ஒரு பட்டை, பச்சை ஒரு பட்டை, சாம்பல் ஒரு பட்டை, நடுவே கோடு கிழித்த மாதிரி மண் ரோடு. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையாமல் மோதிக்கொண்டு நிற்கும். கிளினிக் படத்தைப் பார்த்துக் "கட்டம் கட்டமாக அப்பி வைத்திருக்கிறான்" என்று குறை சொன்னவர்கள், தோட்டத்து மேட்டில் ஏறி நின்றதே இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 8

இரண்டு நாளாக இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. துளிர், பூ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர் "ஆஹா, நம் தோட்டத்து வசந்தம்" என்று இதயம் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

பூக்கிற மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத மாதம். மரம் தன் சத்தையெல்லாம் புது இலைக்கும் பூவுக்கும் கொடுத்துவிடும், பால் குறைந்துவிடும். சில தோட்டங்களில் துளிர் முற்றும் வரை பால் வெட்டுவதையே நிறுத்திவைப்பார்கள். வெட்டினாலும் வாளியின் அடிதான் நனையும். எடை போடுகிற இடத்தில் கிராணி (கணக்குப்பிள்ளை) எழுதுகிற எண்ணைப் பார்த்துவிட்டு அம்மா பேசாமல் வருவார். அதுவும் எப்போது? பள்ளிக்கூடம் ஜனவரியில் திறந்து சப்பாத்து, புத்தகம், சட்டை என்று எல்லாவற்றுக்கும் செலவு பண்ணிய கையோடு. மளிகைக் கடைப் பற்று நோட்டில் எங்கள் பக்கம் நீண்டுகொண்டே போகும். காடு பார்க்க அழகாக இருந்ததா என்றால் இருந்தது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால்தான் பூப்படங்களில் எனக்கு ஒரு விருப்பு வெறுப்பு உண்டு. பளபளவென்று, ஒரு சருகு இல்லாமல், அடியில் பெஞ்சு போட்டு வைத்த பூமரப் படங்களைப் பார்த்தால் இதை வரைந்தவன் வேலைக்குப் போகிறவன் இல்லை என்று தோன்றும். தரையைச் சிவப்பாக்கி, மரத்தை வளைத்து, பூவைக் கோபத்தோடு அப்பியவனை நம்புகிறேன். பூப்பது லேசான காரியம் இல்லை, மரத்துக்கும் இல்லை, மரத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கும் இல்லை. அந்த இறுக்கம் அந்தப் படத்தில் இருக்கிறது, மற்றதில் இல்லை.

பிப்ரவரி 9

டீச்சர், நீங்கள் சொல்வது புரிகிறது. குயில், தென்றல், மாந்தளிர், எல்லாம் நம் கவிதையில் இன்பம்தானே என்கிறீர்கள். நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழை வைத்தே பதில் சொல்கிறேன். ஐங்குறுநூற்றில் பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' இருக்கிறது. பத்துப் பாட்டிலும் ஒரே புலம்பல்: பருவம் வந்துவிட்டது, அவர் வரவில்லை. பூக்க வேண்டியதெல்லாம் சொன்ன நேரத்துக்குப் பூத்துவிட்டது, சொன்ன ஆள்தான் வந்து சேரவில்லை. மரம் பூக்கப் பூக்க, காத்திருக்கிற தலைவிக்கு எரிகிறது. அந்த மரத்தை அவள் கண்ணில் விழுந்தபடி வரையச் சொன்னால் பச்சையிலா வரைவீர்கள்?

பிப்ரவரி 9, பிற்பகல்

டீச்சர் "போடா" என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14

வான்கோவை ஏன் இன்னும் இழுக்கவில்லை என்று ஈப்போ தம்பி கேட்கிறார். எக்ஸ்பிரஷனிஸ்டுகளுக்கு முந்தியவர், ஆனால் அவர்கள் தாத்தாவாகக் கும்பிட்டது அவரைத்தான். 1905 நவம்பரில் டிரெஸ்டனில் அவருடைய படங்களை ஐம்பது அளவில் காட்சிக்கு வைத்தார்கள், அந்த நாலு பையன்களும் பார்த்துத் தலைகால் புரியாமல் போனார்கள்.

1888 பிப்ரவரி 20 அன்று வான்கோ தெற்குப் பிரான்சில் ஆர்ல்ஸ் ஊருக்கு வந்து இறங்கினார். வெயிலைத் தேடி வந்தவரை வரவேற்றது பனி. மார்ச் கடைசியில் பழத்தோட்டங்கள் பூக்க ஆரம்பித்தன. பீச், பிளம், ஆப்ரிகாட், பேரி என்று ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு மாத அளவில் 14 ஓவியங்கள். காற்று கன்னாபின்னாவென்று அடிக்கும் ஊர் அது, மிஸ்ட்ரால் என்று பேர். படம் தாங்கும் முக்காலியைத் தரையில் முளையடித்துக் கட்டிவைத்து வரைந்தார். பூ உதிர்வதற்குள் முடித்தாக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்கு அங்கே இருப்பது வேறு மரம். அதில் ஒரு ரோஸ் நிறப் பீச் மரத்தை, தனக்கு வரையக் கற்றுக்கொடுத்த உறவினர் மோவ் இறந்த செய்தி கேட்டதும் அவர் நினைவாக என்று எழுதி, அவருடைய மனைவிக்கு அனுப்பிவைத்தார். பூத்துக் குலுங்கும் மரம், ஆனால் போய்ச் சேர்ந்தது எழவு வீட்டுக்கு.

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன். அந்த ரோஸ் நிறம் இன்றைக்கு அப்படியே இல்லை. அந்தக் காலத்தில் புதிதாக வந்த 'ஜெரேனியம் லேக்' என்ற சிவப்புச் சாயத்தை அவர் நிறையப் பயன்படுத்தினார். வெளிச்சம் பட்டால் அது வெளுத்துவிடும். ஆகவே அந்தத் தோட்டப் படங்கள் சிலவற்றில் இன்று நாம் வெள்ளை என்று நினைக்கும் பூக்கள் அன்று ரோசாக இருந்தவை. அவருக்கும் இது தெரியும். காலம் எப்படியும் இந்த நிறங்களை மட்டுப்படுத்தும், ஆகவே இப்போதே தூக்கலாகப் போடுவோம் என்று தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

பலகை எழுதுகிறவனுக்கு இது பாடம் பண்ண வேண்டிய விஷயமே இல்லை. வெயிலில் முதலில் ஓடிப்போவது சிவப்புதான். கடைப் பேரைச் சிவப்பில், போன் நம்பரைக் கறுப்பில் எழுதச் சொல்வார்கள். சில வருடத்தில் பேர் காணாமல் போய் நம்பர் மட்டும் நிற்கும். டவுனில் ஒரு தவுக்கே (சீனக் கடை முதலாளி) என்னைக் கூப்பிட்டு, "என் கடைக்குப் பேரே இல்லை, எல்லாரும் நம்பர் கடை என்கிறார்கள்" என்று சத்தம் போட்டார். மலிவான சிவப்பு வாங்கச் சொன்னதும் அவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை, புதுப் பலகைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 15

தின்னர் விஷயம். நேற்றே எழுத நினைத்தேன், நீண்டுவிட்டது. எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்கில் ஆகும். அந்தப் 'பாலம்' கூட்டத்துப் பையன்கள் வண்ணத்தைப் பெட்ரோல் மாதிரியான சரக்கில் கரைத்து மெல்லிசாக்கினார்கள். சீக்கிரம் காயும், பளபளப்பு இருக்காது, ஓட்டமாக இழுக்கலாம். கையில் காசு வேறு கிடையாது, வண்ணமும் மிச்சம். கிளினிக் படத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் துணி தெரிகிற மாதிரி இருக்கிறதே, பாதியில் விட்டுவிட்டான் என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பாதியில் விடவில்லை. நிற்க நேரமில்லை.

பிப்ரவரி 20

ஈப்போ தம்பி இம்ப்ரெஷனிசத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்கிறார், பரீட்சைக்காம். சுருக்கமாக: முன்னவர்கள் கண்ணில் விழுந்த வெளிச்சத்தை வரைந்தார்கள், பின்னவர்கள் அதைக் கொஞ்சம் அலட்சியம் பண்ணினார்கள். பரீட்சையில் 'அலட்சியம்' என்று எழுதாதே தம்பி, மார்க் போகும்.

பிப்ரவரி 27

"இவ்வளவு பூவை வரைந்தவர்கள் மென்மையான மனிதர்களாக இருந்திருப்பார்கள்" என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். இல்லை அம்மா. எமில் நோல்டவை எடுத்துக்கொள்ளுங்கள். 1867-இல் பிறந்தவர், 1906-இல் அந்தப் 'பாலம்' குழுவில் சேர்ந்து அடுத்த வருடமே விலகியவர். பூந்தோட்டம் வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, சிவப்புக்குப் பக்கத்தில் ஊதாவை வைத்தார் என்றால் படம் சுட்டுவிடும். அவர் நாஜிக் கட்சி உறுப்பினர், யூதர்கள் மேல் வெறுப்பைக் கொட்டி எழுதியவர். வேடிக்கை என்னவென்றால் அதே நாஜிகள் அவருடைய ஓவியங்கள் ஆயிரத்துக்கும் மேல் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்து, 1937-இல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று கேவலப்படுத்த வைத்த கண்காட்சியில் அவரையும் சேர்த்தார்கள். போருக்குப் பிறகு அவர் தன்னைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் காட்டிக்கொண்டார், உலகமும் நம்பியது. 2019-இல் பெர்லினில் ஒரு கண்காட்சி அந்தக் கதையை உடைத்தது. அதையொட்டி அப்போது ஜெர்மன் சான்சலராக இருந்த அங்கேலா மெர்க்கல் தன் அலுவலகத்தில் இருந்த இரண்டு நோல்ட ஓவியங்களைத் திருப்பி அனுப்பினார், அதில் ஒன்று பூந்தோட்டம்.

அப்படியானால் படத்தை ரசிக்கலாமா கூடாதா என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. என் நிலை இதுதான்: பார்ப்பேன், நிறத்தைத் திருடுவேன், ஆளைப் புகழ மாட்டேன். என் வீட்டுச் சுவரில் மாட்டவும் மாட்டேன். இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

மார்ச் 2

நேற்று மச்சானுடைய சிறுதோட்டத்துக்குப் போனேன். கொஞ்சம் ஏக்கர்தான், இன்னும் பால்மரம் வைத்திருக்கிறார், அக்கம்பக்கமெல்லாம் செம்பனைக்கு மாறிவிட்டது. துளிர் வந்துவிட்டது. படம் எடுத்துப் போடச் சொன்னீர்கள், எடுத்தேன், போனில் எல்லாம் பழுப்பாக விழுகிறது. கண்ணுக்குத் தெரிந்தது பழுப்பு இல்லை. வெயில் இலைக்குப் பின்னால் இருந்து வரும்போது செம்பட்டைக்கும் ஒயினுக்கும் நடுவே ஏதோ ஒன்று. போன் எடுத்தது உண்மையா, நான் பார்த்தது உண்மையா என்று மச்சானைக் கேட்டேன். "பால் எப்போ ஏறும்னு சொல்லு, அதுதான் உண்மை" என்றார்.

அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் இன்னொரு நிறம் ஞாபகம் வந்தது. துளிர் சமயத்தில் இலையில் வெள்ளை மாவு மாதிரி பூஞ்சை பிடிக்கும், ஓயிடியம். பிடித்தால் பிஞ்சு இலை மறுபடியும் கொட்டிப்போகும், மரம் இரண்டாம் தடவை துளிர்க்க வேண்டும், பால் இன்னும் தள்ளிப்போகும். அதற்காகக் கந்தகப் பொடி அடிப்பார்கள். காற்று அசையாத விடியற்காலையில், இலையில் பனி இருக்கும்போதே மெஷின் கிளம்பும். மேலே செம்பு நிறத் துளிர், நடுவே மஞ்சள் புகை, கீழே கறுத்த மரங்கள், அதற்குள் முக்காட்டோடு நடக்கிற பெண்கள். மூக்கில் முட்டை அழுகிய நாற்றம் மாதிரி ஏறும். இந்தக் காட்சியை உள்ளபடி வரைந்து கொடுத்தால் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வார்? மஞ்சள் காற்றை எந்த ஊரில் பார்த்தாய் என்பார்.

மார்ச் 3

கூலிம் அண்ணன்: "தேனை விட்டுவிட்டாயே." ஆமாம். துளிர்க்கும்போது இலைக்காம்பு நுனியில் தேன் சுரக்கும், பூவில் இல்லை, இலையில். தேன் பெட்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சமயத்தில் பால்மரக் காட்டுக்குப் பெட்டியைக் கொண்டுவருவார்கள். ஒரே மாதம், வெட்டுக்காரனுக்குப் பட்டினி, தேனீக்காரனுக்கு அறுவடை. இரண்டு பேரையும் ஒரே மரத்தை வரையச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

மார்ச் 11

டெகோமா படங்களை இங்கே கொட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். கோலாலம்பூரிலும் அலோர் ஸ்டாரிலும் ரோட்டோரம் ரோசாகப் பூத்ததும் "மலேசிய சகுரா" என்று ஆளாளுக்குச் செல்ஃபி. அது சகுராவுக்கு (ஜப்பானியச் செர்ரி மரம்) உறவே இல்லை, மத்திய, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். அதற்காக மட்டம் என்று சொல்லவில்லை, பால்மரமும் பிரேசிலிலிருந்து வந்ததுதான், நம் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். என் எரிச்சல் வேறு. எல்லாப் படத்திலும் ரோசை ஏற்றி, வானத்தை நீலமாக்கி, ஓடுகிற லாரியையும் குப்பைத் தொட்டியையும் வெட்டி எறிகிறீர்கள். எக்ஸ்பிரஷனிஸ்டைப் பொய்யன் என்று சொன்னவர்களே பில்டர் போட்டுப் பொய் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் நிறத்தை மாற்றினான் என்பது பார்த்ததுமே தெரியும், மறைக்கவில்லை. நீங்கள் மாற்றிவிட்டு "நோ பில்டர்" என்று வேறு எழுதுகிறீர்கள்.

உண்மையான சகுரா, பிளம் மரப் படங்கள் வேண்டுமென்றால் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேவைப் பாருங்கள். 1857-இல் அவர் செய்த பிளம் தோட்ட மரச்செதுக்கு அச்சில் வானம் சிவப்பு, முன்னால் ஒரு கிளை பிரம்மாண்டமாகக் குறுக்கே ஓடும். அதை வான்கோ 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். சிவப்பு வானத்தை ஜெர்மன்காரன் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 12

நம் நாட்டில் யாரும் இப்படி வரையவில்லையா? வரைந்தார்களே. லத்தீஃப் மொஹிடின், 1941-இல் நெகிரி செம்பிலானில் லெங்கெங்கில் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் பெர்லினில் ஓவியம் படித்தார். அங்கே அந்த ஜெர்மன் முரட்டு வண்ணங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி, தென்கிழக்கு ஆசியா முழுக்கச் சுற்றி, 'பாகோ பாகோ' வரிசையைச் செய்தார். கோபுரமா, குருத்தா, கொம்பா, சிப்பியா என்று பிரிக்க முடியாத உருவங்கள், எல்லாம் முளைத்துக்கொண்டே இருக்கும். 2018-இல் பாரிஸ் போம்பிடு மையத்தில் அதைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள். கோலாலம்பூரில் பாலாய் செனியில் (தேசியக் கலைக்கூடம்) அவருடைய படம் ஒன்றின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன், காவலாளி வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்கிற அளவுக்கு. வசந்தம் கிடையாது, பூவும் கிடையாது, ஆனால் மண்ணைப் பிளந்துகொண்டு வருகிற அந்த வேகம் இருக்கிறது. ஐரோப்பியப் பூமரத்தைப் பார்த்து அப்படியே வரையாமல் அதன் முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து இங்கே நட்டவர். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

மார்ச் 20

பேத்தி வரைந்த படத்தைச் சுங்கை சிப்புட் தாத்தா போட்டிருக்கிறார். தாத்தா சொன்னபடி ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறாள்: மரம் பழுப்பு, இலை பச்சை, மூலையில் சிரிக்கிற சூரியன். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது. ஆனால் மரத்துக்கு அடியில் ஒரு நாய் ஊதாவில் நிற்கிறது. அந்த நாய்தான் படம். ஏன் ஊதா என்று அவளிடம் கேட்க வேண்டாம் என்று தாத்தாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவளுக்கு வேண்டுமானால் ஒன்று சொல்லிப் பாருங்கள். காகிதம் முழுக்க முதலில் சிவப்பைப் பூசட்டும். காய்ந்த பிறகு அதன் மேல் மரமும் பச்சையும் போடட்டும், இடையிடையே சிவப்புத் தெரிய விடட்டும். பச்சை துள்ளிக்கொண்டு நிற்கும். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும் என்று ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர் 1839-இலேயே எழுதிவைத்தார், சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர். கிளினிக் படத்தின் சிவப்புத் தரைக்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. மீதிப் பாதியை மேலே பிப்ரவரி 8-இல் எழுதிவிட்டேன்.

பூவை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கிளையை முதலில் கறுப்பாக இழுத்துவிட்டு, கெட்டியான வெள்ளையில் கொஞ்சம் ரோஸ் கலந்து, தூரிகையை அழுத்தி எடுத்தால் போதும்.

ஏப்ரல் 1

டச்சு ஓவியர் மொண்ட்ரியானை யாரோ கேட்டிருந்தார்கள், கட்டம் கட்டமாகப் போடுகிறவர்தானே என்று. அதற்கு முன்னால் அவர் மரம் வரைந்தார். 1908-லிருந்து 1910-க்குள் ஒரு சிவப்பு மரம், நீல அந்திக்கு எதிரே கிளையெல்லாம் எரிகிற மாதிரி. 1911-இல் ஒரு சாம்பல் மரம். 1912-இல் 'பூக்கும் ஆப்பிள் மரம்', அதில் மரமும் இல்லை, பூவும் இல்லை, வளைந்த கோடுகள் மட்டும். சிவப்பு மரத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. டீச்சர் கடைசியில் உள்ளதுதான் சிறந்தது என்கிறார். இந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கி வரப்போவதில்லை.

ஏப்ரல் 6

ஈப்போ தம்பிக்கு: பூமரம் வரைய ரோஸ் எது வாங்குவது என்று கேட்டாய். கடைக்காரர் அலிசரின் கிரிம்சன் எடுத்து நீட்டுவார், பேர் பிரபலம், பார்க்கவும் ஜோர். வாங்காதே, வெளுக்கும். குயினாக்ரிடோன் ரோஸ் என்று கேள். ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பிக்மென்ட் எண் இருக்கும், பிவி 19 (PV19) என்று இருந்தால் எடு. விலை கூடத்தான், சின்ன ட்யூப் போதும், வெள்ளையோடு கலந்தால் நிறைய வரும். 'ரோஸ்' என்று முன்பக்கம் பெரிதாக எழுதிவிட்டுப் பின்னால் எண்ணே போடாத ட்யூபை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடு. மதியத்துக்குள் போ, சனிக்கிழமை அந்தக் கடை சீக்கிரம் மூடிவிடுவார்கள்.